பூனையின் தைராய்டுக்கு எது: மெதிமசோலா, கார்பிமசோலா?

பூனைக்குத் தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டால் வாய்வழி கொடுக்க முக்கியமாக இரண்டு மருந்துகள் உண்டு: மெதிமசோல், கார்பிமசோல். இரண்டும் வேறு வேறு என்று நம்பித்தான் பலர் மாற்றிக் கேட்கிறார்கள். உண்மையில் கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெதிமசோலாகவே மாறிவிடுகிறது, 10 மி.கி. கார்பிமசோல் ஏறக்குறைய 6 மி.கி. மெதிமசோலுக்குச் சமம். ஆகவே மெதிமசோல் கொடுத்துப் பூனை முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டாலோ, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தாலோ, கார்பிமசோலுக்கு மாற்றித் தப்பிக்க முடியாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் அவை.

வேறுபாடு மாத்திரையின் அமைப்பில் இருக்கிறது. பூனைகளுக்கென்றே வரும் கார்பிமசோல் மெதுவாகக் கரையும் வகை. சாப்பாட்டோடு தினம் ஒரு வேளை. மெதிமசோலைப் பெரும்பாலும் 2.5 மி.கி. வீதம் காலை, மாலை என்று தொடங்குவார்கள். இந்த இரண்டு மாத்திரைகளையுமே உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மனிதர்களுக்கான சாதாரண கார்பிமசோல் மெதுவாகக் கரையும் வகை அல்ல என்பதால், ஒரு வேளைக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

என்னைக் கேட்டால், மாத்திரையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடும் பூனைக்குத் திரவ மெதிமசோல்தான் நல்லது. ஊசியில்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் நுழைத்து மெல்ல அழுத்தினால் போதும். தலையைப் பின்னால் வளைக்க வேண்டாம், புரையேறிவிடும். அளவையும் துளித்துளியாகக் கூட்டிக் குறைக்கலாம். மாத்திரையே கொடுப்பதானால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ ஈர உணவோ கொடுங்கள். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் தங்கிவிடும்.

தவறாமல் உள்ளே போகும் மருந்தே சிறந்த மருந்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இவை எதுவும் தைராய்டு சுரப்பியிலுள்ள கட்டியைத் தொடுவதில்லை. ஹார்மோன் உற்பத்தியை மட்டுமே தடுக்கின்றன. நிறுத்தினால் 48 மணி நேரத்துக்குள் ஹார்மோன் பழையபடி ஏறிவிடும்.

வாந்தியும் பசியின்மையும் தொடர்ந்தால் காதில் தடவும் மெதிமசோல் களிம்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வயிற்றுத் தொந்தரவு குறைவு, ஆனால் உறிஞ்சப்படும் அளவு சீராக இராது. கையுறை கட்டாயம்; கர்ப்பிணிகள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கிய சுமார் 3 வாரத்தில் ரத்தப் பரிசோதனை தேவை. டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவோடு சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு கூடியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் அதிகமாக இருப்பதால் அங்குள்ள கோளாறு மறைந்திருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரியும்.