‘1000 மடங்கு’ யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்: சிலந்தி பார்க்க வாங்கலாமா?

பிராண்டு பெயர் சொல்லிப் பயனில்லை. ஒரே சரக்குதான் பத்துப் பெயரில் ஆன்லைனில் விற்கிறது: கைக்கடக்கமான குழாய், முனையில் எட்டு எல்இடி, நடுவில் ஃபோகஸ் வளையம், கூடவே ஆடுகிற ஒரு ஸ்டாண்டு. நான் வாங்கியது சிலந்திக்காக மட்டும். சர்க்யூட் போர்டு பார்க்கிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கண் வரிசை அட்டகாசமாகத் தெரிகிறது. சிலந்தி எந்தக் குடும்பம் என்று பிடிக்க முதலில் பார்ப்பதே கண்ணைத்தானே. ஓநாய்ச் சிலந்தி என்றால் கீழே வரிசையாக நான்கு சின்னக் கண், அதற்கு மேல் பெரிதாக இரண்டு, இன்னும் பின்னால் தள்ளி இரண்டு. லின்க்ஸ் சிலந்திக்கு எட்டில் ஆறு கண்கள் அறுகோணமாக உட்கார்ந்திருக்கும், காலெல்லாம் குத்திட்டு நிற்கிற முள். இதெல்லாம் குறைந்த உருப்பெருக்கத்திலேயே பளிச்சென்று திரைக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவாக வேறொன்று கிடைப்பது கஷ்டம்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில், இனத்தைப் பிரிக்கும்போது. நம் நெல்வயலில் ஓடுகிற பர்டோசா என்ற ஓநாய்ச் சிலந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள், பல இனங்கள் பழுப்பும் சாம்பலுமாக ஒன்றுபோலவே இருக்கும், நிறத்தை நம்பிப் பெயர் வைக்க முடியாது. ஆணென்றால் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பால்ப் என்ற குட்டிக் கையின் நுனிக் குமிழைப் பார்க்க வேண்டும், அதிலிருக்கும் கொக்கியும் முனையும் இனத்துக்கு இனம் வேறு. பெண்ணென்றால் வயிற்றின் அடியில், குறுக்காக ஓடும் மடிப்புக்குச் சற்று முன்னால் இருக்கும் எபிஜைன் என்ற கெட்டித் தட்டு, அதாவது இனப்பெருக்க உறுப்பின் வெளிப்பகுதி. முழு வளர்ச்சி அடையாத சிலந்தியில் இந்த இரண்டுமே முழுசாக உருவாகியிருக்காது, ஆகவே குட்டியைப் பிடித்து வைத்து ‘இது என்ன இனம்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பர்டோசாவின் எபிஜைன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதைப் பார்க்க உருப்பெருக்கத்தைக் கூட்டினால் குழாயின் முனை சிலந்தியை முட்டுகிற அளவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. தட்டின் விளிம்பு தெளிந்தால் நடுப்பள்ளம் மங்குகிறது, பள்ளத்துக்கு ஃபோகஸ் வைத்தால் விளிம்பு போய்விடுகிறது, அதற்குள் மேசையில் யாராவது கை வைத்தால் எல்லாமே போச்சு. அந்த 1000 என்பது படத்தைத் திரையில் ஊதிக் காட்டுகிற கணக்கு, கூடுதலாக ஒரு நுணுக்கமும் அதில் வராது. எல்இடி வேறு நேராக அடித்து, பளபளப்பான தட்டில் எட்டு வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலிக்கிறது.

எல்இடியை அணைத்துவிட்டு, மேசை விளக்கை டிரேசிங் பேப்பர் வழியாகப் பக்கவாட்டில் விழ வைத்தால் நிலைமை எவ்வளவோ தேவலை. இறந்த சிலந்தி என்றால் சின்னக் கிண்ணத்தில் நைஸ் மணலைப் போட்டு, 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றி, அதற்குள் மல்லாக்கப் புதைத்து வையுங்கள், எந்தக் கோணத்தில் வைத்தாலும் மணல் பிடித்துக்கொள்ளும், முடியின் மினுக்கமும் அடங்கிவிடும். உயிரோடு பார்க்க வேண்டுமா, பெரிய சிரிஞ்சின் மூக்கை வெட்டி அந்த வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, சிலந்தியை உள்ளே விட்டு, தண்டின் நுனியில் பஞ்சு வைத்து மெதுவாகத் தள்ளினால் வயிறு தாளோடு ஒட்டி அசையாமல் நிற்கும். படம் எடுத்ததும் விட்டுவிடலாம், அதற்கு ஒரு சேதமும் இல்லை.

சில இனங்களுக்கு எபிஜைனை வெட்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் போட்டுத் தெளியவைத்து, உள்ளே இருக்கும் குழாய்கள் எப்படிச் சுருண்டிருக்கின்றன என்று பார்த்தால்தான் முடிவு தெரியும். அந்த வேலைக்கு இந்தக் கருவி லாயக்கில்லை. இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் தேவைப்படும், விலைதான் பல மடங்கு.

ஸ்டாண்டைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். எனக்கு வந்ததில் திருகு மரையே பிடிக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால் ஸ்டாண்டு மட்டும் தர முடியாதாம், முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்ப வேண்டுமாம். சரி போகட்டும் என்று பழைய மேசை விளக்கின் வளைகிற கழுத்தில் குழாயைக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பம், பேரினம் வரைக்கும் போதும் என்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு. இனம்தான் வேண்டும் என்றால் இரண்டு, அதுவும் மணல் கிண்ணமும் பக்க விளக்கும் சேர்த்து.