டெமோ வகுப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

டேட்டா சயின்ஸ் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் தவணைக்குச் சேர்ந்து மாட்டிக்கொண்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

டெமோ வகுப்பு எடுத்தவர் அசத்திவிட்டார். அன்று மாலையே போன் மேல் போன்: "சலுகை இன்று இரவோடு முடிகிறது." கட்டிவிட்டேன். (அதே சலுகை அடுத்த வாரமும் ஓடியது.) சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் டெமோவுக்கு மட்டும்தான் வருவாராம். மற்றதெல்லாம் பழைய ரெக்கார்டிங்.

எவ்வளவு பழசு என்பது மூன்றாம் வாரத்தில் புரிந்தது. வீட்டு விலையைக் கணிக்கும் பாடம். வீடியோவில் இருந்ததை அப்படியே தட்டினேன். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பிலிருந்து, பாஸ்டன் வீட்டு விலைத் தரவைத் தரும் 'லோட் பாஸ்டன்' இம்போர்ட் செய்யும் வரியிலேயே எரர். என் தப்பாகத்தான் இருக்கும் என்று எழுத்துப்பிழை தேடியதில் இரண்டு இரவு போனது. அப்புறம்தான் அந்த எரர் செய்தியைப் பொறுமையாகப் படித்தேன். அந்த 506 வரித் தரவு சைகிட்-லேர்னின் 1.2 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது; அந்தப் பதிப்பு வந்தது 2022 டிசம்பரில். நிற அடிப்படையில் மக்கள் பிரிந்து வாழ்வதை வீட்டு விலையோடு முடிச்சுப் போடும் ஒரு நெடுவரிசை (column) அதில் இருக்கிறது, அதனால்தான் எடுத்தார்கள். இதைச் சொல்லித் தந்திருந்தாலே நல்ல பாடமாக இருந்திருக்கும்!

உதவிக் குழுவுக்கு எழுதினேன். ஐந்து நாள் கழித்து ஒரே வரி: "பழைய பதிப்பை இன்ஸ்டால் செய்துகொள்ளவும்." பிறகு, தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பில், அட்டவணையில் (டேட்டாஃப்ரேம்) வரிகளைச் சேர்க்கும் 'அப்பெண்ட்' கட்டளை வேலை செய்யவில்லை. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கும் அதே பதில்தான்.

விளம்பரத்தில் சொன்ன 'நிஜத் தொழில் புராஜெக்ட்' எது தெரியுமா? டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்று கணிப்பது. காகிள் என்ற டேட்டா சயின்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் அதே 891 பயணிகள். என் ரெஸ்யூமேயில் அதைப் பார்த்த இன்டர்வியூக்காரர் "நீங்களுமா?" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பத்து சதவீத வீடியோவுக்கு மேல் பார்த்திருந்தால் கிடையாதாம். முதல் வார வீடியோக்களே அதைத் தாண்டிவிடும்.

சேரும் முன் நடுவில் இருந்து ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள், முதல் பாடத்தை அல்ல. அதில் ஓடும் பைத்தான், பாண்டாஸ் பதிப்பு எது என்று பாருங்கள். காட்ட மறுத்தால் சேராதீர்கள். அடிப்படைதான் வேண்டும் என்றால் ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 இலவசம், காகிளில் பாண்டாஸ் பாடமும் இலவசம். நான் இப்போது காகிளில்தான் படிக்கிறேன். அந்தக் கோர்ஸுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி.