அளவுப்படக் கணக்கு: குறுக்குப் பெருக்கலா, அட்டவணையா, அளவுக் காரணியா?

ஓர் அறையின் அளவுப்படம் இருக்கிறது. படத்தில் அகலம் 3 செ.மீ., நீளம் 4.8 செ.மீ. அறையின் உண்மையான அகலம் 4.5 மீட்டர். அப்படியானால் நீளம் எவ்வளவு?

ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் எல்லா மாணவர்களும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்துவிடுவார்கள். விடை 7.2 மீட்டர். அதில் வாதமே இல்லை. எந்த வழியில் அங்கே போவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. குறுக்குப் பெருக்கல், ஓரலகு முறை, விகித அட்டவணை, அளவுக் காரணி என்று நான்கு வழிகள் உண்டு. நான்குமே சரியான வழிகள்தான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எது தாங்கும், எது கைவிடும் என்பது வழிக்கு வழி வேறுபடும்.

குறுக்குப் பெருக்கலில் தொடங்குவோம். 3/4.5 = 4.8/? என்று எழுது, குறுக்கே பெருக்கு, 21.6 வரும், 3-ஆல் வகு, 7.2. முடிந்தது. இதற்கு நியாயமான ஒரு பெருமை உண்டு: செ.மீட்டரை மீட்டராக மாற்றும் வேலையே இல்லை. இரண்டு பக்கமும் மேலே படத்தின் அளவு, கீழே உண்மை அளவு என்ற ஒழுங்கு இருந்தால் போதும். எண்கள் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இயந்திரம் ஓடும். தேர்வு அறையில் இந்த வேகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

சரி, அந்த 21.6 என்பது என்ன? படத்தில் அப்படி ஒரு நீளம் இல்லை, அறையிலும் இல்லை. செ.மீட்டரையும் மீட்டரையும் பெருக்கியதில் வந்த எண் அது. நடுவில் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லாததால், வழி தவறினாலும் எச்சரிக்கை எதுவும் வராது. அவசரத்தில் 3/4.5 = ?/4.8 என்று எழுதிவிட்டால் 3.2 கிடைக்கும். படத்தில் நீளம் அகலத்தைவிட அதிகம். விடையிலோ 4.5 மீட்டர் அகலமுள்ள அறைக்கு 3.2 மீட்டர் நீளம்! படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். ஆனால் இந்த முறை படத்தைப் பார்க்கச் சொல்வதே இல்லை. அதுதான் இதன் மேல் எனக்குள்ள பெரிய குறை.

ஓரலகு முறை எளிமையானது. படத்தில் 3 செ.மீட்டருக்கு 4.5 மீட்டர் என்றால் 1 செ.மீட்டருக்கு 1.5 மீட்டர், 4.8-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 7.2. ஒவ்வொரு படியையும் வாயால் சொல்ல முடியும். வேறு பாடங்களில் ஏற்கெனவே பழகிய முறை என்பதால் புதிதாகச் சொல்லித்தரவும் தேவையில்லை.

விகித அட்டவணைக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். இரண்டு வரிசை: மேலே படம், கீழே உண்மை. 3-க்குக் கீழே 4.5 என்று எழுதிவிட்டு மாணவர் தன் விருப்பப்படி நகரலாம். ஒருவர் 1-க்கு 1.5, 5-க்கு 7.5, 0.2-க்கு 0.3 என்று போய், 5-லிருந்து 0.2-ஐக் கழித்து 4.8-க்கு 7.2 என்பார். இன்னொருவர் 6-க்கு 9, 1.2-க்கு 1.8 என்று கண்டு கழிப்பார். எந்த வழியில் யோசித்தார் என்பது தாளில் அப்படியே கிடக்கும். திருத்தும் ஆசிரியருக்கு இதைவிட வசதி வேறில்லை. நேரம் பிடிக்கும், தாளும் செலவாகும், உண்மைதான். தொடக்கத்தில் அந்த மெதுவே நல்லது.

அளவுக் காரணி இவற்றிலிருந்து ஒரு படி விலகி நிற்கிறது. 4.5 மீட்டர் என்பது 450 செ.மீ.; 450-ஐ 3-ஆல் வகுத்தால் 150. படத்தில் உள்ள எந்த நீளத்தையும் 150-ஆல் பெருக்கினால் உண்மை நீளம். 4.8 × 150 = 720 செ.மீ., அதாவது 7.2 மீட்டர். மூலைவிட்டம், கதவின் அகலம், சுவரின் தடிமன், சுற்றளவு எல்லாவற்றுக்கும் அதே 150. கோணங்களுக்கு மட்டும் அதோடு தொடர்பில்லை. படத்தில் 90 பாகையாக இருந்த மூலை அறையிலும் 90 பாகைதான்.

ஓரலகு முறையில் வந்த 1.5-க்கும் இங்கே வந்த 150-க்கும் என்ன வேறுபாடு? 1.5 என்பது ஒரு செ.மீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும் எண். அதோடு அலகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 150-க்கு அலகே கிடையாது. அதனால்தான் 1:150 என்று எழுத முடிகிறது, செ.மீட்டரில் அளந்தாலும் விரல்கடையில் அளந்தாலும் அது மாறாது. 1.5-ஐ அளவுக் காரணி என்று நினைத்து 1:1.5 என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். காரணி கண்டுபிடிக்கும் முன் இரண்டு அளவையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இந்த முறையின் கட்டாயம். அதை மறந்தால் விடை நூறு மடங்கு தவறும்.

இந்த முறைகளை ஒப்பிடும்போது எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒரு பிழை இருக்கிறது: பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது. பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ புருசோ இதற்காகவே ஒரு செயல்பாட்டை அமைத்தார். துண்டுகளைச் சேர்த்து ஒரு வடிவம் உண்டாக்கும் புதிர். 4 செ.மீ. உள்ள பக்கம் 7 செ.மீ. ஆகும்படி புதிரைப் பெரிதாக்க வேண்டும், ஆளுக்கொரு துண்டு. பெரும்பாலும் குழந்தைகள் என்ன செய்வார்கள்? 4-உடன் 3-ஐக் கூட்டினால் 7, ஆகவே எல்லாப் பக்கத்துடனும் 3-ஐக் கூட்டுவார்கள். அப்புறம் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதைத் தாளிலேயே பார்க்கலாம். 4 செ.மீ. பக்கத்தின் மேல் 2 செ.மீ. பக்கங்கள் இரண்டு அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 4 என்பது 7 ஆகும். 2-கள் ஒவ்வொன்றும் 5 ஆகி, இரண்டும் சேர்ந்து 10. மேலே 10, கீழே 7. பெருக்கினாலோ 4 × 1.75 = 7, 2 × 1.75 = 3.5, இரண்டு 3.5 சேர்ந்து 7. ஆசிரியர் 'தவறு' என்று சொல்லவே வேண்டியதில்லை, துண்டுகளே சொல்லிவிடும்.

இந்தப் பிழையை எந்த முறை குணப்படுத்துகிறது? குறுக்குப் பெருக்கல் அதை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான். சூத்திரம் நினைவில் இருக்கும்வரை விடை சரியாக வரும். மறந்த நாளில் கூட்டல் திரும்பி வரும். அட்டவணை ஓரளவு உதவும், ஏனென்றால் ஒரு மேல்-கீழ் ஜோடியை இன்னொரு ஜோடியுடன் கூட்டலாம், ஆனால் மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டக்கூடாது என்ற வேறுபாடு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. காரணியில் 'எத்தனை மடங்கு?' என்பதுதான் முதல் கேள்வியே. கூட்டலுக்கு அங்கே இடமில்லை.

இடையில் ஒன்று. நான்கிலும் சேராத குறுக்குவழி ஒன்று உண்டு, அதைப் பலர் சொல்லித்தருவதில்லை. படத்துக்கு உள்ளேயே ஒப்பிடுவது: 4.8 என்பது 3-இன் 1.6 மடங்கு, ஆகவே உண்மை நீளமும் உண்மை அகலத்தின் 1.6 மடங்கு, 4.5 × 1.6 = 7.2. அலகு மாற்றமும் வேண்டாம், குறுக்கே பெருக்கவும் வேண்டாம். எண்கள் ஒத்துழைத்தால் இதுதான் மிக வேகமானது.

எதிர்த்திசைக் கேள்விக்கு வருவோம். பெரிய படத்திலிருந்து சிறியதற்குத் திரும்ப வேண்டுமானால் காரணியின் தலைகீழி: 3/2 மடங்கு பெரிதாக்கியதை 2/3 மடங்காக்கினால் பழைய படம். நகல் எடுக்கும் இயந்திரத்தில் 150% என்று கொடுத்துவிட்டு, திரும்பிவர 50% போதும் என்று நினைப்பது எளிது. 1.5 × 0.5 = 0.75, முக்கால் அளவுப் படம்தான் கிடைக்கும். ஏறத்தாழ 66.7% கொடுத்தால்தான் பழைய அளவு. இரண்டு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தால் காரணிகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம். குறுக்குப் பெருக்கலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய சமன்பாடு எழுதியாக வேண்டும். இந்த இடத்தில் போட்டியே இல்லை.

பரப்பளவில்தான் உண்மையான சோதனை. 1:100 அளவையில் வரைந்த அறை 4.5 செ.மீ. × 3 செ.மீ. என்று கொள்வோம். படத்தில் பரப்பு 13.5 ச.செ.மீ. மாணவர் அதை 100-ஆல் பெருக்கி 1350 ச.செ.மீ. என்கிறார். அது பக்கத்துக்குச் சுமார் 37 செ.மீ. உள்ள ஒரு சதுரம்; அதில் ஒருவர் கால் நீட்டி உட்காரக்கூட முடியாது. நீளத்தையும் 100-ஆல் பெருக்குகிறோம், அகலத்தையும் 100-ஆல் பெருக்குகிறோம், ஆகவே பரப்புக்கு 100 × 100 = 10,000. 13.5 × 10,000 = 1,35,000 ச.செ.மீ., அதாவது 13.5 ச.மீ. கன அளவென்றால் காரணி மூன்று முறை. குறுக்குப் பெருக்கலை மட்டும் நம்பியவர் இங்கே பரப்பையும் அதே சமன்பாட்டில் போட்டு மாட்டிக்கொள்வார். எத்தனை திசையில் படம் பெரிதாகிறது என்று அந்த முறை கேட்பதில்லை. காரணியைப் புரிந்தவருக்கு இது ஒரு நீட்டிப்பு, அவ்வளவே.

ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் பெரிதாக்க நகல் இயந்திரம் ஏன் 141% என்கிறது என்பதும் இதனால் விளங்கும். ஏ3-இன் பரப்பு ஏ4-ஐப் போல இரு மடங்கு. ஆகவே நீளத்தின் காரணி 2-இன் வர்க்கமூலம், சுமார் 1.414. ஏ4-இன் 210 மி.மீ. அகலம் ஏ3-இல் 297 மி.மீ. ஆவதை வகுத்தே பார்த்துக்கொள்ளலாம். 200% என்று அழுத்தினால் நான்கு ஏ4 தாள் பரப்பு தேவைப்படும்.

அளவையை எழுதும் விதத்திலும் போட்டி உண்டு. 1:50,000 என்று விகிதமாக எழுதலாம், '1 செ.மீ. = 500 மீ.' என்று வாக்கியமாக எழுதலாம்; வரைபடத்தின் ஓரத்தில் கோடு போட்டு அதில் கிலோமீட்டர்களைக் குறிக்கலாம். கணக்குப் போட விகிதம் நல்லது, சட்டென்று படிக்க வாக்கியம் நல்லது. ஆனால் வரைபடத்தை 150% நகலெடுத்தால் அச்சிட்ட 1:50,000 பொய்யாகிவிடும். அது இப்போது ஏறத்தாழ 1:33,333. வாக்கியமும் பொய். கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து நீள்வதால் உண்மை சொல்லும். திரையில் பார்க்கும் வரைபடங்கள் மூலையில் கோட்டையே காட்டுவதற்குக் காரணம் இதுதான். பரப்பு இங்கேயும் தன் வேலையைக் காட்டும்: அந்த 1:50,000 வரைபடத்தில் 1 ச.செ.மீ. என்பது 0.25 ச.கி.மீ., 0.5 அல்ல.

என் வரிசை இது: முதலில் அட்டவணை, விரைவிலேயே காரணி, அதில் நீண்ட பழக்கம், பிறகு வேகத்துக்காகக் குறுக்குப் பெருக்கல். பல வகுப்புகளில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

கடைசியாக, வரையும் முறைகள். அளவுகோலும் பாகைமானியும் வைத்து ஒவ்வொரு பக்கமாக வரைந்தால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து கடைசிப் பக்கம் தொடங்கிய புள்ளியில் வந்து முட்டாது. கட்டம் போட்டு வரைவது வளைந்த உருவங்களுக்கு ஏற்றது, 1 செ.மீ. கட்டத்தில் உள்ளதை 2 செ.மீ. கட்டத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு கட்டமும் நான்கு பழைய கட்டங்களின் பரப்புக்குச் சமம் என்பதும் இலவசமாகத் தெரியும். நேர்கோட்டு உருவங்களுக்கு மையப்புள்ளி முறைக்கே என் வாக்கு. உருவத்தை இரு மடங்காக்க, ஒரு புள்ளியை மையமாக எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு முனை வழியாகவும் கோடு இழுத்து, மையத்திலிருந்து முனைக்குள்ள தூரத்தை இரண்டால் பெருக்கிக் குறித்து இணைக்க வேண்டும். கோணத்தை அளக்கவே வேண்டாம். பக்கங்கள் தாமாகவே இணையாக விழும். கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-இல் உருவாக்கிய பாண்டோகிராஃப் என்ற வரைகருவி செய்வதும் இதையேதான். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் இதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அது கேட்பது உருவம், மையம், காரணி மூன்று மட்டும். மையத்தை உருவத்துக்கு வெளியே, உள்ளே, ஒரு முனையின் மேலேயே என்று மாற்றி மாற்றி வைத்து மாணவர்களை வரையச் சொல்லுங்கள். படம் விழும் இடம் மாறும், அளவு மாறாது. ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும்.