மாட்டு எடை நாடா: ஒன்றரை வருடம் போத்துகளை அளந்த பிறகு

மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்து எடை சொல்லும் இந்த நாடாவை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், ஆனால் அதில் அச்சடித்திருக்கும் கிலோவை நம்பாதீர்கள். நம்பாத பொருளை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டால், அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி), வீட்டோடு ஒரு தொழுவம், அதில் எப்போதும் மூன்று நான்கு போத்துகள். போத்து என்றால் எருமைக் கிடா, மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலையாளச் சொல் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பழைய தமிழிலேயே எருமையின் ஆணுக்கு இந்தப் பெயர் உண்டு. வளர்ப்பது கறிக்காகத்தான். அரியானா, ஆந்திரா பக்கத்துப் பால் பண்ணைகளில் கிடாக்கன்று பிறந்தால் யாருக்கும் சந்தோஷம் கிடையாது. அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலும் காசு என்பதால் தாயிடம் விடமாட்டார்கள், நிறையக் கன்றுகள் நோஞ்சானாகிப் போகும். தப்பிப் பிழைத்தவற்றில் கொஞ்சம் லாரி ஏறித் தெற்கே வரும். கேரளாவிலும் எங்கள் பக்கமும் குடும்பங்கள் அவற்றை வாங்கி ஒன்று ஒன்றரை வருடம் தீனி போட்டுத் தேற்றி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பக்ரீத் கணக்குப் பார்த்து விற்கிறோம்.

இந்தத் தொழிலில் வாங்குவதும் விற்பதும் கண்மதிப்பில்தான் நடக்கிறது. கன்று இறக்கும் வியாபாரி "ஒவ்வொண்ணும் 140 கிலோ இருக்கும்" என்பார். விற்கும்போது வரும் தரகர் போத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்தொடையில் ரெண்டு தட்டு தட்டி, ஒரு எண்ணைச் சொல்வார். முதல் எண் எப்போதும் கூடுதல், இரண்டாவது எண் எப்போதும் குறைவு, நடுவில் ஒன்றரை வருடம் புல் அறுத்தவனுக்கு எதுவும் தெரியாது. எங்கள் முதல் ஈடு, அதாவது முதலில் சேர்த்து வாங்கி வளர்த்த போத்துகள், அப்படித்தான் போனது. விற்ற பணத்தையும் தவிடு புண்ணாக்குச் செலவையும் எழுதிப் பார்த்தபோது அம்மா கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அந்த வாரம்தான் இணையத்தில் இந்த நாடாவை வாங்கினேன்.

பொருள் சின்னதுதான். உள்ளங்கை அளவுக்கு வட்டமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டரை மீட்டர் நாடா, பொத்தானை அழுத்தினால் தானாகச் சுருண்டுகொள்ளும். ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறு பக்கம் கிலோ. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், திமிலுக்குப் பின்பக்கமாக நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் நாடா சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் எடை என்கிறார்கள். வேலை செய்யும் விதம் லேசானது: மாடு வளர வளர நெஞ்சுக்கூடு அகலும், நெஞ்சுச் சுற்றளவுக்கும் உடல் எடைக்கும் நல்ல தொடர்பு உண்டு. சிக்கல் என்னவென்றால் அந்தத் தொடர்பு எல்லா இனத்துக்கும் ஒன்றல்ல. என் நாடாவின் அட்டையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட ஹோல்ஸ்டீன் பசுவின் படம். நான் அளக்கப் போவது முர்ரா என்ற எருமை இனத்தின் ரத்தம் கலந்த கிடா. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அளப்பதற்குப் பழக வேண்டும், போத்தும் பழக வேண்டும், நாமும் பழக வேண்டும். காலை ஆறு மணிக்கு, தீனியும் தண்ணீரும் காட்டுவதற்கு முன்னால். எருமை வயிறு ஒரு அண்டா, குடித்துவிட்டு வந்தால் பதினைந்து இருபது கிலோ சாதாரணமாக ஏறிவிடும். சமதளத்தில் நான்கு காலும் ஊன்றி, தலையை நேராக வைத்து நிற்க வேண்டும், தலையைத் தாழ்த்தினால் அளவு மாறும். முதல் நாள் நாடாவை அடியில் கொண்டுபோனதும் அப்போதிருந்த மூன்று போத்துகளும் துள்ளின. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நெஞ்சுக்கு அடியில், முன்னங்கால் சந்தில், கையால் சொறிந்துகொண்டே இருந்தால் எருமை கழுத்தை நீட்டிக் கண்ணைப் பாதி மூடி அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் நாடாவைச் சுற்றிவிடலாம். குளத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுப்பேன், அம்மா பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று பேருக்கும்: மொட்டை, சுருளைக்கொம்பன், சின்னவன்.

இனி சின்னவன் கதை. இந்த நாடாவுக்கு நான் கொடுத்த காசு அதிலேயே திரும்பிவிட்டது. ஆகஸ்டில் வந்தபோது அவனுடைய நெஞ்சளவு 114 சென்டிமீட்டர், மற்ற இரண்டும் அதே அளவுதான். பதினைந்து நாளுக்கு இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே வந்தது. அக்டோபர் மழை பிடித்த பிறகு நோட்டில் மற்ற இருவருக்கும் 127, 129, 132. சின்னவனுக்கு 124, 124, 125. பார்வைக்கு எதுவும் தெரியவில்லை, உண்மையில் அவன்தான் கொழுத்தவன் போல இருந்தான், வயிறு நன்றாகத் தொங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் கூட "இது நல்லா தேறியிருக்கே" என்றார். நோட்டு மட்டும் இல்லை என்றது. சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் சோதித்துவிட்டு ஈரல் தட்டைப்புழு என்றார். குளத்தங்கரையில் ஈரப்புல்லை மேய்ந்திருக்கிறான், அந்தப் புழுவின் குஞ்சு வளர்வது நத்தைக்குள், அங்கிருந்து புல்லில் ஏறி மாட்டின் வயிற்றுக்குள் போகும். நான் ஏற்கெனவே புழு மருந்து கொடுத்திருந்தேன், ஆனால் அது உருண்டைப்புழுவுக்கானது, தட்டைப்புழுவுக்கு அது கேட்காது. மருந்தை மாற்றிக் கொடுத்தார். தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கிய பிறகு வருபவர்கள்தான் அதிகம், நீங்கள் முன்னாலேயே வந்துவிட்டீர்கள் என்றார். அடுத்த மாதம் அளவு ஏற ஆரம்பித்தது. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே அம்மா சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார், இன்னும் இருக்கிறது.

தீனி விஷயத்திலும் நாடா ஒரு உண்மையைச் சொன்னது. சக்கைக் காலத்தில் (சக்கை என்றால் எங்கள் பக்கம் பலா) தவிட்டைக் குறைத்துவிட்டு சக்கை மடலை அள்ளிப் போட்டோம், சும்மா கிடைக்கிறதே என்று. போத்துகளுக்கு ரொம்பப் பிடித்தது, வயிறு நிரம்பியது, நெஞ்சளவு மட்டும் நின்றுவிட்டது. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் தாது உப்பும் பழையபடி கொடுத்து, கோ-4 என்ற தீவனப் புல்லையும் சேர்த்ததும்தான் நகர்ந்தது. மரச்சீனித் தோலையும் காயவைத்துத்தான் போடுவோம், பச்சையாகப் போட்டால் விஷம்.

இப்போது கிலோ கணக்குக்கு வருகிறேன். அடுத்த வருட டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், தரகர் வந்தார். மொட்டையைப் பார்த்துவிட்டு 360 என்றார். நாடாவைக் காட்டினேன், 486 என்றது. அவர் சிரித்துவிட்டு, "தம்பி, நாடா துணி தைக்கிறதுக்கு. போத்து எடை கண்ணுக்குத்தான் தெரியும்" என்றார். பாதி சரிதான், 486 என்பது எனக்கே நம்பிக்கையாக இல்லை. ஆனால் கையில் இன்னொரு கணக்கு இருந்தது. நெஞ்சளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். நீளம் என்பது தோள்பட்டை முனையிலிருந்து பின்னால் உட்காரும் எலும்பு முனை வரை. மொட்டைக்கு நெஞ்சு 180, நீளம் 138. வந்தது 412. "அண்ணே, வாங்க எடைமேடைக்குப் போவோம், வண்டிக் கூலி நான் தாறேன்" என்றேன். சின்ன வண்டியில் ஏற்றி ஒரு தடவை, இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஒரு தடவை. 420. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், இரண்டு தடவை எடை போட்டதால் ஒரு பத்து கிலோ வரை அப்படி இப்படி இருக்கலாம். தரகரின் கண்ணுக்கும் மேடைக்கும் நடுவில் 60 கிலோ. உயிர் எடையில் ஏறக்குறைய பாதி கறி என்று வைத்தால் 30 கிலோ கறி யாருக்கோ சும்மா போயிருக்கும். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, மேடை எடைக்கே எடுத்துக்கொண்டார்.

மற்ற இரண்டையும் ஏற்றிப் பார்த்தோம். சுருளைக்கொம்பன் நாடாவில் 452, மேடையில் 390. சின்னவன் நாடாவில் 398, மேடையில் 350. ஆக, என் தொழுவத்துப் போத்துகளுக்கு நாடா 100 என்றால் நிஜம் 86-லிருந்து 88. உங்கள் மாட்டுக்கு இதே விகிதம் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இனத்துக்கு இனம், உடல்வாகுக்கு உடல்வாகு மாறும். ஒரு தடவையாவது எடைமேடையில் ஏற்றி உங்கள் விகிதத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு இந்த நாடாவைத் தைரியமாக நம்பலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து அழிகிறது. எட்டு மாதத்தில் 100-க்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் சாணியும் ஈரமும் அதிகம் படுவது முன்பகுதியில்தான். சுருளும் ஸ்பிரிங் மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது, இப்போது கையால்தான் சுற்றுகிறேன். கூட வந்த தாளில் எங்கே அளக்க வேண்டும் என்று ஒரு படம் இருக்கிறது, எப்போது அளக்க வேண்டும், எத்தனை முறை அளக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. உடல் நீளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எருமைக்கு இது பொருந்தாது என்று அட்டையில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும், நம் நாட்டில் விற்கும் பொருள்தானே. துணி நாடாவை விட ஃபைபர் நாடா இழுத்தால் நீளாது, அதைப் பார்த்து வாங்குங்கள். அளந்ததும் துடைத்துக் காயவைத்து உள்ளே விடுங்கள்.

5-க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்று எழுத்து அழிந்ததற்காகவும் தாளுக்காகவும்.

போன மாதம் புது ஈடு வாங்கப் போனபோது நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வியாபாரி 130 கிலோ என்று காட்டிய கன்றின் காதுப் பக்கம் சொறிந்துகொண்டே அளந்தேன். நீளமும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் 104 வந்தது. நோட்டை அவரிடமே நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சாமானம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். விலையும் குறைந்தது. கன்று இப்போது தொழுவத்தில் இருக்கிறது, நேற்றைக்கு 109 சென்டிமீட்டர்.