ஹட்டன் பக்கத்து விளையாட்டுக் காயச் சேவை: ஒரு பார்வை

தோட்டப் பாடசாலை அணிகளுக்கான இந்தச் சேவையின் பலம், ட்ரெய்னர், பிசியோ, டொக்டர் மூவரும் எழுதும் ஒரே தாள்தான். கால் பிசகினால், கணுக்காலின் இருபுற எலும்பையும் பின்விளிம்பில், கீழ் நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் வரை ட்ரெய்னர் அழுத்திப் பார்க்கிறார். பாதத்தின் நடுப்பகுதியில் வெளிப்புறமும் உட்புறமும் ஒவ்வோர் இடம். பிறகு 4 எட்டு எடுத்துவைத்து நடக்கச் சொல்கிறார். எலும்பில் வலித்தாலோ, நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இல்லையென்றால் மலைப்பாதையில் ஒரு பஸ் பயணம் மிச்சம். பெற்றோரின் ஒருநாள் சம்பளமும் தப்பும்.

பெரிய குறை, பிசியோவின் குறிப்பு ட்ரெய்னரிடம் பிந்தி வருவது. அதற்குள் பிள்ளை சரிவில் ஓடத் தொடங்கிவிடுகிறது. இறக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீளும்போது கணுக்கால் உறுதி குறைந்து உட்பக்கம் மடங்கும். ஆறாத வெளிப்புற மூட்டுநார் மறுபடி கிழியும். ஒற்றைக்காலில் தள்ளாடாமல் நின்று, வலியின்றி குதிகால் உயர்த்தும்வரை சமதரைதான் சரி. தாளைப் படமெடுத்து அன்றே வட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதுமே!

தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்று சந்தேகித்தால் அன்று ஆட்டம் கிடையாது. பின்னர் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் டொக்டரின் கையெழுத்து. கோச் எவ்வளவு நெருக்கினாலும் இதில் இவர்கள் தளர்வதில்லை. அதற்காகவே தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.