கூகுள் எர்த் ப்ரோ: நகரம் பரவுவதை அளக்கத் தேறுமா?

பூமியின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கூகுள் எர்த்தின், 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் கணினிப் பதிப்பு இது. கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். சென்னையின் தெற்கே சதுப்பு நிலமுள்ள பள்ளிக்கரணைப் பக்கம் ஓட்டிப் பாருங்கள்: பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிக் கட்டடங்கள் நூல் பிடித்தாற்போல நீள, உட்பக்க நிலம் மெல்ல நிரம்புகிறது.

அளவுகோல் (Ruler) கருவியில் பலகோணத்தைத் தேர்ந்து, கட்டடப் பகுதியைச் சுற்றிப் புள்ளி வைத்தால் பரப்பளவு கிடைக்கும். ஆய்வுப் பகுதியின் வெளி எல்லையைத் தனியே வரைந்து சேமித்து, எல்லா ஆண்டுக்கும் அதையே வையுங்கள்; அதற்குள் இருக்கும் கட்டடப் பகுதியை மட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் புதிதாக வரையுங்கள். மாநகராட்சி எல்லையை நம்பினால் கணக்கு கெடும். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது அரசாணையால், ஒரே ஆண்டில் முளைத்த வீடுகளால் அல்ல!

தேதிதான் பெரிய வம்பு. ஒரே திரையில் வெவ்வேறு நாள் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். மே மாதத்தில் வறண்ட சதுப்பு, டிசம்பரில் ஏரிபோலத் தெரியும். ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிடுங்கள். பழைய படங்கள் சில மீட்டர் நகர்ந்தும் இருக்கும், எனவே தனி வீட்டை அளக்க வேண்டாம். 1980களின் படங்களில் ஒரு படப்புள்ளியே (pixel) தரையில் சுமார் 30 மீட்டர் அகலம். குடிசை, தெரு எதுவும் பிரியாது.

பரவலை அளக்கத் தாராளமாக நம்பலாம். மக்கள் அடர்த்திக்கு இது உதவாது: கூரை தெரியும், அதன்கீழ் எத்தனை குடும்பம் என்பது தெரியாது.