குளக்கரைக்கு எது காவல்: சிமெண்டா, வெட்டிவேரா, கலப்பு நடவா?

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் வயலின் வடிநீர் முழுவதும் ஓரத்தில் இருக்கும் குளத்தில்தான் வந்து சேர்கிறது. மேலுரம் இட்ட கையோடு மழை பெய்தால், யூரியாவும் வண்டல் மண்ணோடு ஒட்டிய மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குளத்தில் இறங்கி, பத்தே நாளில் நீர் பச்சைப் பாசி பூத்து மாடு குடிக்க ஆகாததாகிவிடும். கரையை என்ன செய்வது என்ற கேள்வி மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் எழுந்தது.

சிமெண்ட் சரிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மண்ணைக் காக்கும். உரம் கலந்த நீரையோ தடையின்றிக் குளத்துக்குள் வழுக்கி விடும். கோடையில் வெடித்து மழையில் உப்பும் நம் களிமண்ணின் மேல் பலகைகள் நெடுநாள் பிளக்காமல் இருப்பதும் அரிது.

வெட்டிவேர் மட்டும் நடுவதற்கே முதலில் மனம் சாய்ந்தது. மூன்று மீட்டர் ஆழம்வரை இறங்கும் வேரும், வண்டலைத் தடுத்து நிறுத்தும் நெருங்கிய தூரும் வேறு புல்லுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் அது நிழலில் நலியும். வேருக்கு விலை உண்டே என்று தோண்டினால் கரையே சரியும்.

கடைசியில் நீர் விளிம்பில் கோரையும், சரிவில் வெட்டிவேரும் அருகம்புல்லும், வெயிலை மறைக்காதபடி வடக்குக் கரை மேட்டில் நொச்சியும் புங்கமும், மூலைகளில் நீர்மருதும் என ஐந்து மீட்டர் அகலத்துக்கு நட்டோம். அவ்வளவு நிலத்தை இழப்பது சிறு விவசாயிக்குச் சிறு செலவன்று. இருந்தும் இதன் பக்கம் என்னை நிறுத்தியது பராமரிப்புதான்.

செடிகள் உறிஞ்சும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் இலையிலும் தண்டிலும்தான் தங்குகின்றன. வெட்டாமல் விட்டால் அவை உதிர்ந்து, நீரில் அழுகி, தடுத்த சத்தைத் திரும்பவும் குளத்துக்கே கொடுத்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் வெட்டி வெளியேற்றுவது கட்டாயம். சிமெண்டில் பராமரிப்பு வெறும் செலவாக நிற்க, இங்கே வெட்டிய நொச்சியும் புங்கமும் சேற்றில் மிதிக்கும் தழையுரமாக வயலுக்கே திரும்புகின்றன. ஏக்கருக்கு இரண்டரை டன் தழை வேண்டும் என்பது பரிந்துரை. எங்கள் கரை அதில் ஒரு பங்கைத்தான் தருகிறது என்றாலும், அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்க முடிகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதை எதிர்பார்த்து, மே மாதக் கடைசியிலேயே வெட்டி முடித்துவிடுகிறோம். நொச்சியை ஆடு மாடு கடிக்காததால் வேலிச் செலவும் இல்லை.

சிரமம் இல்லாமலும் இல்லை. முதல் ஆண்டு கவனிக்காமல் விட்டதில், துண்டுத் தண்டிலிருந்தே வேர் விடும் நெய்வேலிக் காட்டாமணக்கு கோரையை மூடிவிட்டது; அதைக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி, புதிதாக நட்ட ஒரு வரிசையை மண்ணோடு வாரிப் போட்டதும் உண்டு. ஆகவே நட்ட இடத்தில் முதல் நாளே கழி நட்டு அடையாளம் வைப்பது நல்லது.

நான் பார்த்தது மூன்று மழைக்காலங்கள் மட்டுமே. 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயலை இந்தக் கரை இன்னும் சந்திக்கவில்லை. வடிகால் நீர் வேகமாக விழும் வாய்ப்பகுதியில் மட்டும், எந்தச் செடியும் நிலைக்காததால், மூன்று மீட்டருக்குக் கருங்கல் பாவியிருக்கிறோம்.